கதவைத் திறந்து வைத்தவர்களுக்கு ஒரு வரி: விளையாட்டுப் புகழ்மண்டபங்களின் அறங்காவலர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பாலுக்கும், கேன்டனில் அமெரிக்கக் கால்பந்துக்கும், ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்துக்கும், கேனஸ்டோட்டாவில் குத்துச்சண்டைக்கும் புகழ்மண்டபங்கள் நடத்திவரும் உங்கள் நான்கு அவைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் நான் கேட்கவிருப்பது ஒன்றேதான்: நிறப் பிரிவினைக் காலத்தில் கறுப்பின வீரர்களுக்குத் தங்க இடமும் உணவும் தந்தவர்களின் பெயருக்கும் உங்கள் மண்டபங்களில் ஒரு வரி இடம் வேண்டும். அதற்கான காரணமும் நான்கு விளையாட்டுகளின் வரலாற்றிலும் சிதறிக் கிடக்கிறது. இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழில் வெளியிடுவது எங்கள் வாசகர்களுக்காக. 1980ஆம் ஆண்டில் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போன முகமது அலியை எங்கள் ஊர்க்காரரைப் போலவே நினைக்கிற தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அவரிலிருந்து தொடங்குகிற ஒரு வேண்டுகோளுக்கு அவர்களும் சாட்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

1964 பிப்ரவரி 25ஆம் நாள் இரவு மயாமியில் பாப் கோமெல் எடுத்த படம் உங்களுக்குத் தெரியாமலிருக்காது. உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன் சானி லிஸ்டனை வீழ்த்திவிட்டு வந்த 22 வயது இளைஞர், கோட்டும் போ டையுமாக ஓர் உணவு மேடையின் முன் உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் தன் கேமராவால் அவரைக் குறிபார்க்கிறார். சுற்றிலும் முகங்கள் நெருக்கியடிக்கின்றன. அந்த இளைஞருக்கு அப்போதும் காசியஸ் கிளே என்றுதான் பெயர். முகமது அலி என்ற பெயர் வர இன்னும் சில நாட்கள் இருந்தன. குத்துச்சண்டை வரலாற்றிலும் கறுப்பின அரசியல் வரலாற்றிலும் அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ எழுதப்பட்டுவிட்டது. அந்த உணவு மேடை யாருடையது என்ற கேள்வியை மட்டும் நானும் நெடுங்காலம் கேட்டதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அது ஹாம்ப்டன் ஹவுஸ். மயாமியின் பிரவுன்ஸ்வில் பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த குடியிருப்புக்கு நடுவே, ஹாரி மார்கோவிட்ஸ், ஃபுளோரன்ஸ் மார்கோவிட்ஸ் என்ற வெள்ளையின யூதத் தம்பதியர் நடத்திய விடுதி. 1950களில் புக்கர் டெரஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 1961இல் புதுப்பிக்கப்பட்டுப் புதிய பெயர் பெற்றது. தங்கும் அறைகள், நீச்சல் குளம், உணவகம், ஜாஸ் இசையோடு மது பரிமாறும் கூடம் ஆகிய நான்கும் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. மார்ட்டின் லூதர் கிங் மயாமிக்கு வந்தபோது தங்கிய இடம் அது. இன சமத்துவத்துக்கான அமைப்பான கோர் தன் கூட்டங்களை அங்கே நடத்தியது. கறுப்பின விருந்தினர்களுக்காக நடத்தப்பட்டாலும், இசை கேட்க வெள்ளையரும் வந்து அதே மேசைகளில் அமர்ந்தார்கள். லிஸ்டன் வீழ்ந்த இரவில் அலியோடு அங்கிருந்தவர்களில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் பிரவுனும், பாடகர் சாம் குக்கும் உண்டு. பார் இருந்த அந்த விடுதியில் உலகச் சாம்பியன் தன் வெற்றியை ஒரு பெரிய கிண்ணம் ஐஸ்கிரீமோடு கொண்டாடினார் என்று சொல்வார்கள். அவரை அறிந்தவர்களுக்கு அது வியப்பாக இராது.

போட்டி நடந்தது குடாவுக்கு அக்கரையில், மயாமி பீச் மாநாட்டு அரங்கில். அலி பயிற்சி செய்த ஃபிஃப்த் ஸ்ட்ரீட் உடற்பயிற்சிக்கூடமும் அதே கரையில்தான் இருந்தது. அதை நடத்திய கிறிஸ் டண்டீயும், அலியின் பயிற்சியாளராக இருந்த ஏஞ்சலோ டண்டீயும் உடன்பிறந்தவர்கள்; அதுவும் ஒரு குடும்பக் கடைதான். ஆனால் அந்தக் கடற்கரை நகரத்தில் கறுப்பினத் தொழிலாளர்கள் அடையாள அட்டை வைத்திருந்தால்தான் நடமாட முடியும், இருட்டுவதற்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்திருந்தது. பயிற்சிக்காக மயாமிக்கு வந்த புதிதில், தான் தங்கியிருந்த கறுப்பினப் பகுதியான ஓவர்டவுனிலிருந்து பாலத்தின்மேல் ஓடிப் போய்க்கொண்டிருந்த அலியைக் காவலர்கள் நிறுத்தி வைத்து விசாரித்த கதையை ஏஞ்சலோ டண்டீ பல முறை சொல்லியிருக்கிறார். ஆக, உலகப் பட்டத்தை ஒரு கரையில் வென்றவர் உண்ணவும் உறங்கவும் மறுகரைக்கு வர வேண்டியிருந்தது. அந்த மறுகரையில் ஒரு குடும்பம் விளக்கை அணைக்காமல் காத்திருந்தது.

"காத்திருந்தது" என்று எழுதியபோதே, "அவர்கள் வியாபாரம்தானே செய்தார்கள்" என்று உங்களில் ஒருவர் சொல்வது என் காதில் விழுகிறது. ஆம், வியாபாரம்தான். மார்கோவிட்ஸ் தம்பதியர் அன்னதானம் நடத்தவில்லை. அறைக்கு வாடகையும் கோப்பைக்கு விலையும் வாங்கினார்கள். அந்த வியாபாரத்துக்கு என்ன அபாயம் இருந்தது என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அலபாமாவின் பர்மிங்காம் நகரச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் ஒரே அறையில் உணவு பரிமாற வேண்டுமென்றால், நடுவில் தரையிலிருந்து குறைந்தது ஏழடி உயரத்துக்கு இடைவெளியில்லாத தடுப்புச் சுவர் இருக்க வேண்டும். இரு பகுதிகளுக்கும் தெருவிலிருந்து தனித்தனி வாசல் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. இரு இனத்தவரும் சேர்ந்து சீட்டாடுவதும் தாயக்கட்டை உருட்டுவதும்கூட அந்த ஊரில் குற்றமாக இருந்தது. இந்தச் சட்டங்கள் கறுப்பினத்தவரை வெள்ளையர் கடைக்குள் விடாமல் தடுத்தவை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்பினத்தவர் நடத்திய கடைக்குள் ஒரு வெள்ளைக்காரர் நுழைந்து, தன் அணித் தோழரின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அதே சட்டம்தான் பாயும், தண்டனை கடைக்காரருக்கு. மது விற்கும் கடையென்றால் இன்னும் சிக்கல். உரிமம் புதுப்பிக்கப்படுமா என்பது அதிகாரிகளின் கையில் இருந்தது. உணவகத்தை மூடச் சொன்னால் ஊர் பேசும்; பாரின் உரிமத்தை நிறுத்தி வைத்தால் கேட்க ஆளிருக்காது.

1964 ஜூலை 2ஆம் நாள் கையெழுத்தான குடிமை உரிமைச் சட்டம் இவை எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டது என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதியைப் படித்துப் பார்த்தால் தங்கும் விடுதி, உணவகம், சிற்றுண்டி மேடை, பெட்ரோல் நிலையம், திரையரங்கு, விளையாட்டரங்கு எல்லாம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கும். பாரும் மதுவிடுதியும் அந்தப் பட்டியலில் இல்லை. உணவு விற்கிறதா, கேளிக்கை நடக்கிறதா என்று கடைக்குக் கடை பார்த்து நீதிமன்றங்கள் பின்னர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. விளையாட்டரங்கின் வாசலைச் சட்டம் திறந்துவிட்டது. ஆட்டம் முடிந்து தோழர்கள் சேர்ந்து உட்காரப் போகும் இடத்தின் வாசலைக் கடைக்காரரின் மனத்துக்கே விட்டுவிட்டது.

இதன் விளைவு என்ன என்பதைக் கேன்டன் அவையினருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சட்டம் வந்து ஆறு மாதம் கழித்து, 1965 ஜனவரியில், அமெரிக்கன் ஃபுட்பால் லீகின் நட்சத்திர ஆட்டத்துக்காக வீரர்கள் நியூ ஆர்லியன்சுக்கு வந்தார்கள். விமான நிலையத்திலேயே டாக்சிக்காரர்கள் கறுப்பின வீரர்களை ஏற்ற மறுத்தார்கள். இரவு போர்பன் தெருவுக்குப் போனவர்களைக் கேளிக்கை விடுதிகளின் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவ்வீரர்களில் ஒருவரான எர்னி லாடுக்கு நேரே ஒருவன் துப்பாக்கியை நீட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். மறுநாள் 21 கறுப்பின வீரர்கள் கூடிப் பேசி, இந்த ஊரில் ஆட மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். அவர்களைத் தங்கும்படி சொல்லிப் பார்க்கப் போன வெள்ளையின வீரர் ரான் மிக்ஸ், அவர்கள் உறுதியாக இருப்பதைக் கண்டதும், நீங்கள் போனால் நானும் வருகிறேன் என்று சொன்னார். லீக் ஆணையர் ஜோ ஃபாஸ் ஆட்டத்தை ஹியூஸ்டனுக்கு மாற்றினார். ஜனவரி 16 அன்று அது அங்கே நடந்தது. ஒரு பெரிய நகரத்தை விளையாட்டு வீரர்கள் இப்படிப் புறக்கணித்தது அந்நாளில் சாதாரணச் செய்தியா? 1979இல் நீங்கள் மிக்ஸை உங்கள் மண்டபத்தில் சேர்த்தீர்கள். தகுதியானவர்தான்.

அதே நியூ ஆர்லியன்சில், போர்பன் தெருவிலிருந்து சிறிது தூரத்தில், ஆர்லியன்ஸ் அவென்யூவின் ஒரு முனையில் டூக்கி சேஸ் உணவகம் இருந்தது, இன்றும் இருக்கிறது. எமிலி சேஸும் அவர் கணவர் எட்கரும் 1941இல் சாண்ட்விச்சும் லாட்டரிச் சீட்டும் விற்கிற சின்னப் பாராகத் தொடங்கிய கடையை, அவர்கள் மருமகள் லியா சேஸ் வெள்ளைத் துணி விரித்த மேசைகளோடு ஓர் உணவகமாக வளர்த்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காருவது சட்டவிரோதமாக இருந்த நாட்களில் அதன் மாடி அறையில் இரு இனத்தவரும் சேர்ந்து உட்கார்ந்து, கம்போ என்ற ஊர்ச் சூப்பைக் குடித்துக்கொண்டே, போராட்டங்களைத் திட்டமிட்டார்கள். விருந்தாளிகளை வாசலில் நிறுத்தி விரட்டிய ஊரும், கூப்பிட்டு உட்காரவைத்த ஊரும் ஒன்றுதான் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 1965இன் கதையைச் சொல்லும்போது நாம் போர்பன் தெருவோடு நிறுத்திக்கொள்கிறோம். கதவை அடைத்தவனுக்கு வரலாற்றில் கிடைத்த இடம், திறந்து வைத்தவருக்குக் கிடைக்கவில்லை.

கூப்பர்ஸ்டவுன் அவையினரிடம் சொல்ல வேண்டியது சற்று வேறு. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் வசந்தகாலப் பயிற்சி முகாம் நடத்திய கார்டினல்ஸ், யாங்கீஸ் அணிகளின் வெள்ளையின வீரர்கள் கடற்கரை ஓட்டல்களில் தங்கினார்கள். கறுப்பின வீரர்களுக்கு ஊருக்குள் வீடுகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் மருத்துவர் ரால்ஃப் விம்பிஷ். தன் வீட்டிலேயும் வீரர்களுக்கு இடம் கொடுத்தார். அவரும் அவர் மனைவி பெட்டும் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களில் யாங்கீஸின் எல்ஸ்டன் ஹோவர்டும் ஒருவர். அந்த விம்பிஷ் 1961இன் தொடக்கத்தில், இனி யாருக்கும் இடம் தேடித் தர மாட்டேன் என்று பகிரங்கமாக அறிவித்தார். தான் காட்டிய விருந்தோம்பலே நிறப் பிரிவினையைத் தாங்கி நிற்கும் தூணாகிவிட்டது என்பதை அவர் கண்டுகொண்டார். அணி நிர்வாகங்களுக்கு அது வசதியாக இருந்தது: கறுப்பின வீரர்களை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் ஓட்டல் முதலாளியிடம் சண்டை போட வேண்டிய அவசியமில்லை. இந்த வரலாறு முழுவதிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். கதவைத் திறப்பதே எதிர்ப்பாக இருந்த அதே காலத்தில், கதவை மூடுவதும் எதிர்ப்பாக இருந்தது. எப்போது எது வேண்டும் என்று தெரிந்து செய்தவர்கள் இந்த வீட்டுக்காரர்கள்.

அடுத்து நடந்தது உங்கள் ஆவணங்களிலேயே இருக்கும். மார்ச் மாதம் உள்ளூர் வர்த்தகச் சங்கம் படகுக் கழகத்தில் வைத்த காலை விருந்துக்கு, அணியில் இடம் உறுதியாகாத வெள்ளையினப் புதியவர்களுக்குக்கூட அழைப்புப் போனது. கார்டினல்ஸின் கறுப்பின முதல் தள ஆட்டக்காரர் பில் வைட்டுக்குப் போகவில்லை. வைட் அதைப் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். கறுப்பின விளையாட்டுச் செய்தியாளர் வெண்டல் ஸ்மித் தன் பத்திரிகையில் ஏற்கெனவே இந்தப் பிரச்சினையைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு யாங்கீஸ் அணி ஃபோர்ட் லாடர்டேலுக்குப் போனது. கார்டினல்ஸ் அணி முழுவதும், குடும்பங்களோடு, ஒரே மோட்டலில் குடியேறியது. தனி வீடு எடுத்துத் தங்கக்கூடிய வெள்ளையின நட்சத்திர வீரர்கள் ஸ்டான் மியூசியலும் கென் பாயரும் அதை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் ஒரே நீச்சல் குளத்தில் குதிப்பதைப் பார்க்க, சாலையில் போகிறவர்கள் காரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். 1964இல் உலகத் தொடரை வென்றது அந்த அணி. மோட்டலால்தான் வென்றது என்று நான் சொல்லவில்லை. அந்த அணியில் ஆடியவர்கள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டு அவையினருக்குச் சுருக்கமாக ஒன்றே ஒன்று. 1961 அக்டோபரில் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில், பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் சாம் ஜோன்ஸுக்கும் சாட்ச் சாண்டர்ஸுக்கும் தாங்கள் தங்கியிருந்த ஓட்டலின் காபிக் கடையிலேயே உணவு மறுக்கப்பட்டது. பில் ரஸ்ஸலும் மற்றக் கறுப்பின வீரர்களும் ஆடாமல் ஊரைவிட்டுப் போனார்கள். வெள்ளையின வீரர்கள் இருந்து ஆடினார்கள். ஒரு சாண்ட்விச்சைச் சேர்ந்து சாப்பிட இடமில்லாத ஊரில் ஓர் அணி இரண்டாகிப் போனது. அப்படிப்பட்ட ஊர்கள் எங்கும் நிறைந்திருந்ததால்தான், நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த அஞ்சல்காரர் விக்டர் கிரீன் கறுப்பினப் பயணிகளுக்காக 1936 முதல் வெளியிட்ட பயணக் கையேட்டில், உணவகம், முடிதிருத்தகம், பெட்ரோல் நிலையம் ஆகியவற்றோடு மதுவிடுதிக்கும் ஒரு தனித் தலைப்பு இருந்தது. இந்தக் கையேடு தேவைப்படாத ஒரு நாள் வர வேண்டும் என்று அவரே அதில் எழுதினார்.

அந்த நாள் வந்தது. வந்தபோது அதில் பட்டியலிடப்பட்ட கடைகளைக் கொண்டுபோய்விட்டது. மயாமி பீச்சின் ஓட்டல்கள் எல்லோருக்கும் திறந்ததும் ஹாம்ப்டன் ஹவுஸின் வாடிக்கையாளர்கள் அக்கரைக்குப் போனார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது, அதற்காகத்தானே போராடினார்கள். அலி தங்கியிருந்த ஓவர்டவுனின் மேல் நெடுஞ்சாலை போடப்பட்டுக் கடைத்தெருக்கள் காணாமல் போயின. பிட்ஸ்பர்கின் ஹில் பகுதியில், கறுப்பினத்தவருக்கென்று தனியே நடந்த பேஸ்பால் போட்டிகளான நீக்ரோ லீகின் அணி ஒன்றுக்கு உரிமையாளரான கஸ் கிரீன்லீ நடத்திய கிராஃபோர்டு கிரில் நின்ற தெருக்களும் நகரப் புனரமைப்பு என்ற பெயரில் இடிக்கப்பட்டன. (கிரீன்லீயின் பணம் சூதாட்டச் சீட்டில் வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. நான் உங்களிடம் மகான்களின் பட்டியலைக் கொண்டுவரவில்லை.) ஹாம்ப்டன் ஹவுஸ் 1970களில் மூடப்பட்டு, ஜன்னல் உடைந்து, கூரை இடிந்து, இடிக்கப்படவிருந்த நிலையில் ஈனிட் பிங்க்னி என்ற கல்வியாளரின் பிடிவாதத்தால் 2002இல் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, பெரும் செலவில் சீரமைக்கப்பட்டு, 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஒன்று தப்பியது; தப்பாதவற்றைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் வேண்டுகோள். நீங்கள் வீரர்களை மட்டுமே கௌரவிக்கிறவர்கள் என்றால் நான் இதைக் கேட்டிருக்க மாட்டேன். நீக்ரோ லீக் அணி உரிமையாளர் எஃபா மான்லியை 2006இல் கூப்பர்ஸ்டவுன் சேர்த்துக்கொண்டது. வெண்டல் ஸ்மித்துக்கு எழுத்தாளருக்கான விருது தந்தது. கேன்டனிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் பங்களிப்பாளர் என்ற பிரிவு உண்டு; கேனஸ்டோட்டா ஏஞ்சலோ டண்டீயை ஏற்றுக்கொண்டிருக்கிறது. விளையாட்டு என்பது களத்துக்குள் நடப்பது மட்டும் என்ற வரையறையை நீங்களே எப்போதோ தாண்டிவிட்டீர்கள். விடுதிக்காரர்களுக்கு வெண்கலச் சிலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் குழு அமைத்துவிடுவீர்கள்.

நான் கேட்பது ஒரு வரி. 1940களின் இறுதியிலிருந்து 1960களின் இறுதிவரை ஆடிய எந்தக் கறுப்பின வீரரின் காட்சிப் பேழையிலும், அவர் எத்தனை ஓட்டம் எடுத்தார், எத்தனை புள்ளி சேர்த்தார் என்று எழுதியிருக்கும் இடத்தில், அவர் எங்கே தங்கினார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்பதையும், தெரிந்தவரையில், தெருப் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். பயிற்சிக் காலத்தில் அணித் தோழர்கள் நல்ல உணவகத்தில் சாப்பிட, தான் பேருந்துக்குள் உட்கார்ந்து காகிதப் பையிலிருந்து சாப்பிட்டுவிட்டு மறுநாள் மட்டையைப் பிடித்தவரின் எண்ணிக்கையும், முழுத் தூக்கம் தூங்கி எழுந்தவரின் எண்ணிக்கையும் ஒரே மாதிரி அச்சிடப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் ஒரு முகவரி இருந்தால் படிக்கிறவர் அந்த எண்களை வேறு மாதிரிப் படிப்பார்.

அதைச் செய்ய உங்களுக்குச் சாட்சிகள் வேண்டும். அந்த விடுதிகளில் மேசை துடைத்த, தட்டுக் கழுவிய, நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்த பிள்ளைகளில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. உங்களிடம் ஆவணக் காப்பாளர்கள் இருக்கிறார்கள், ஒலிப்பதிவுக் கருவிகள் இருக்கின்றன. பழைய வீரர்களிடம் ஆட்ட நினைவுகளைப் பதிவு செய்யப் போகும்போது, எங்கே சாப்பிட்டீர்கள் என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரைத் தேடிப் போங்கள். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

தொடங்குவதற்கு எளிதான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பாப் கோமெலின் அந்தப் படத்தை உங்களில் யார் எங்கே வைத்தாலும், படத்தின் கீழே இப்போது வழக்கமாக வருகிற மூன்று தகவல்களுக்கு (வெற்றியாளரின் பெயர், மால்கம் எக்ஸின் பெயர், தேதி) அடுத்து நான்காவதாக இதையும் சேர்த்துவிடுங்கள்: ஹாம்ப்டன் ஹவுஸ், 4240 வடமேற்கு 27ஆம் அவென்யூ, மயாமி, நடத்தியவர்கள் ஹாரி, ஃபுளோரன்ஸ் மார்கோவிட்ஸ்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
ஒரு தமிழ் வாசகன்